சின்னச் சுடர் முதலில்

(கற்றல் மையம் ஒன்றில் தொண்டர் பேசியது)



போன வாரம் செய்தித்தாள் வாசித்தோம். அதற்கு முந்தின வாரம் வங்கிப் படிவம் நிரப்பினோம். இன்று புத்தகத்தைச் சற்று நேரம் மூடி வையுங்கள். இன்று நாம் தீயை வாசிக்கக் கற்றுக்கொள்வோம்.

தீயை வாசிக்க முடியுமா? முடியும். தீக்கு நிறம் உண்டு. உயரம் உண்டு. சத்தம் உண்டு. இந்த மூன்றையும் பார்த்தால், அடுப்பு நன்றாக இருக்கிறதா, ஆபத்தாக இருக்கிறதா என்று சொல்லிவிடலாம்.

இங்கே இருப்பவர்களில் பலர் சமையல் வேலை செய்கிறீர்கள். சிலர் பள்ளிக்கூடத்தில் குழந்தைகளுக்குச் சமைக்கிறீர்கள். சிலர் ஓட்டலில் வேலை பார்க்கிறீர்கள். சிலர் கல்யாணச் சமையலுக்குப் போகிறீர்கள். குழுவாகச் சேர்ந்து முறுக்கும் மிக்சரும் போட்டு விற்கிறவர்களும் இருக்கிறீர்கள். உங்களுக்கெல்லாம் பெரிய கேஸ் அடுப்போடு பழக்கம் உண்டு. அந்தப் பெரிய அடுப்பில் ஒரு சின்னச் சுடர் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

பைலட் என்றால் என்ன?

வீட்டு அடுப்பில் குமிழைத் திருப்புகிறோம். லைட்டரை அழுத்துகிறோம். பற்றிக்கொள்கிறது. அது சின்ன பர்னர். வருகிற வாயுவும் கொஞ்சம்தான்.

பெரிய அடுப்பு அப்படி இல்லை. பர்னர் சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும். வாயு வேகமாக வரும். அண்டா மேலே உட்கார்ந்திருக்கும். அதற்கு அடியில் கையை நீட்டித் தீக்குச்சி காட்டினால் என்ன ஆகும்? குப்பென்று பற்றும். கை ரோமம் கருகும். சேலை முந்தானையும் பற்றலாம்.

இதற்காகத்தான் பெரிய பர்னருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பர்னர் வைக்கிறார்கள். அதற்குத் தனியாக ஒரு மெல்லிய குழாய். தனியாக ஒரு சின்னக் குமிழ். அதன் பெயர் பைலட்.

விமானம் ஓட்டுகிறவரைப் பைலட் என்கிறோம். துறைமுகத்துக்குள் வருகிற கப்பலுக்கு வழி காட்டுகிறவரும் பைலட்தான். அடுப்பில் இருக்கும் பைலட், பெரிய தீக்கு வழி காட்டும் சின்னச் சுடர்.

நமக்கு இது புதிய யோசனையும் இல்லை. விழாவில் குத்துவிளக்கு ஏற்றும்போது ஒவ்வொரு திரிக்கும் தனித்தனியாகத் தீக்குச்சி உரசுவதில்லை. முதலில் ஒரு சின்ன மெழுகுவத்தியை ஏற்றிக்கொள்கிறோம். அதிலிருந்து ஐந்து முகத்தையும் ஏற்றுகிறோம். பைலட்டும் அப்படித்தான்.

தீ காத்திருக்கலாம், வாயு காத்திருக்கக் கூடாது

இன்று நான் சொல்வதில் வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள். வாயு வருவதற்காகத் தீ காத்திருக்கலாம். தீ வருவதற்காக வாயு காத்திருக்கக் கூடாது.

ஏன்?

சிலிண்டருக்குள் இருப்பது திரவம். குலுக்கினால் தண்ணீர் மாதிரி அசையும். வெளியே வந்ததும் அது வாயுவாக மாறும். ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 250 லிட்டர் வாயுவாக விரியும்.

இந்த வாயு காற்றைவிடக் கனமானது. ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை கனம். அதனால் மேலே போகாது. தண்ணீர் போலத் தரையில் பரவும். மேடைக்கு அடியில் தேங்கும். பள்ளத்தில், சாக்கடைக் குழியில் இறங்கி நிற்கும். மேலே ஜன்னல் திறந்திருந்தாலும் கீழே வாயு கிடக்கலாம்.

இந்த வாயுவுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது. நிறமும் கிடையாது. கசிந்தால் நமக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே, நாற்றம் அடிக்கும் ஒரு பொருளைக் கலந்து அனுப்புகிறார்கள். அந்த நாற்றம் நமக்கு வரும் எச்சரிக்கை.

எவ்வளவு வாயு இருந்தால் ஆபத்து? நூறு பங்கில் இரண்டு பங்கு வாயு, மீதி காற்று. இது போதும். ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். இப்போது யோசித்துப் பாருங்கள். குமிழை முதலில் திறந்துவிட்டுத் தீப்பெட்டியைத் தேடினால் என்ன நடக்கும்? நீங்கள் தேடுகிற அந்த நேரத்தில் வாயு அடுப்பைச் சுற்றிச் சேர்ந்துவிடும். குச்சி உரசியதும் சேர்ந்தது எல்லாம் ஒன்றாக எரியும்.

பைலட் முதலில் எரிந்துகொண்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. பெரிய பர்னரிலிருந்து வாயு வெளியே வந்த உடனே பற்றிக்கொள்ளும். சேர்வதற்கு நேரமே இருக்காது.

"நேரம் மிச்சம்" என்று சொல்லலாமா?

பள்ளிக்கூடச் சமையல் செய்யும் ஒரு அக்கா என்னிடம் கேட்டார். "ஏம்மா தங்கச்சி, பன்னிரண்டரை மணிக்கு மணி அடிச்சிடுவாங்க. பிள்ளைங்க தட்டோட வரிசையில நிக்கும். இதுல பைலட்டை ஏத்தி, அதுக்கு அழகு பார்த்துக்கிட்டு இருக்க முடியுமா? நீளமா ஒரு பேப்பரைச் சுருட்டிப் பத்த வச்சா வேலை முடிஞ்சுது."

அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. சமையல்காரர்களுக்கு நேரம் இல்லை. கை இரண்டுதான். வேலை பத்துக் கைக்கு இருக்கிறது. ஆனாலும் பேப்பர் சுருட்டிப் பற்ற வைப்பது நல்லதில்லை. பேப்பர் சாம்பல் பர்னர் துளையை அடைக்கும். எரிகிற துண்டு பறந்து போய் எங்கே விழும் என்று சொல்ல முடியாது. பைலட் ஏற்ற ஒரு நிமிஷம் போதும்.

நாம் யாருக்குப் பக்கத்தில் நின்று சமைக்கிறோம் என்பதையும் நினைக்க வேண்டும். 1995 ஆகஸ்ட் 15 அன்று நாடு தழுவிய பள்ளி மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. சமைத்த சூடான உணவே தர வேண்டும் என்று 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பிறகு நாடு முழுவதும் பள்ளிக்கூடம்தோறும் அடுப்பு வந்தது. அடுப்பு வந்தால் குழந்தைகளுக்கு அருகில் தீயும் வரும்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்ததை நாடு மறக்காது. சமையல் கூடத்தில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குப் பரவியது. 94 குழந்தைகள் இறந்துபோனார்கள். கூரை, குறுகலான வழி, நெரிசல் என்று அதற்குப் பல காரணங்கள். ஆனால் தீ கிளம்பிய இடம் சமையல் கூடம். அந்த இடம் நம் கையில் இருக்கிறது.

ஏற்றும் வரிசை

இப்போது வரிசையாகச் சொல்கிறேன். விரல் விட்டு எண்ணிக்கொள்ளுங்கள்.

ஒன்று. கதவையும் ஜன்னலையும் திறங்கள். உள்ளே போனதும் முதல் வேலை இதுதான். குனிந்து தரைப் பக்கம் மோந்து பாருங்கள். நாற்றம் வந்தால் எதையும் பற்ற வைக்காதீர்கள். அப்போது என்ன செய்வது என்று பின்னால் சொல்கிறேன்.

இரண்டு. எல்லாக் குமிழும் மூடியிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். பார்த்தால் மட்டும் போதாது. முந்தின நாள் வேறொருவர் மூடியிருப்பார். கையால் தொட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

மூன்று. சிலிண்டரைத் திறங்கள்.

நான்கு. நீளக் கைப்பிடி லைட்டரையோ, எரியும் குச்சியையோ பைலட்டின் வாய்க்குக் கொண்டு போங்கள். அதன் பிறகு பைலட் குமிழைத் திறங்கள். தீ முதலில், வாயு பிறகு.

ஐந்து. பைலட் நிலையாக எரிகிறதா என்று பாருங்கள். மனசுக்குள் இருபது வரை எண்ணுங்கள்.

ஆறு. முகத்தைப் பர்னருக்கு நேரே வைக்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொள்ளுங்கள். பெரிய குமிழை மெதுவாகத் திறங்கள். உடனே பற்ற வேண்டும்.

ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவதற்குள் பற்றவில்லையா? இரண்டு குமிழையும் மூடிவிடுங்கள். ஐந்து நிமிஷம் காற்றாட விடுங்கள். பிறகு முதலிலிருந்து தொடங்குங்கள். "இதோ பத்திக்கும், இதோ பத்திக்கும்" என்று திறந்து வைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. அந்த நேரத்தில் வாயு சேர்ந்துகொண்டே இருக்கும்.

சில புதிய அடுப்புகளில் பைலட் குமிழை அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். சுடருக்குப் பக்கத்தில் பென்சில் முனை போல ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அது சூடானால்தான் வாயு தொடர்ந்து வரும். சுடர் அணைந்தால் கம்பி ஆறிவிடும். வாயுவும் தானாக நின்றுவிடும். இது நல்ல பாதுகாப்பு. அந்த மாதிரி அடுப்பில் குமிழை அழுத்திப் பிடித்து முப்பது வரை எண்ணுங்கள். பிறகு விடுங்கள். விட்டதும் அணைகிறதா? சுடர் கம்பியைச் சரியாகத் தொடவில்லை, அல்லது கம்பி அழுக்காக இருக்கிறது. சில சமயம் கம்பியே பழுதாகியிருக்கும். மெக்கானிக்கிடம் காட்டுங்கள். குமிழைக் கம்பி போட்டுக் கட்டி வைக்காதீர்கள். அப்படிக் கட்டினால் பாதுகாப்பையே கட்டிப் போட்டது போல் ஆகும்.

பல பெரிய அடுப்புகளில் இந்தக் கம்பி கிடையாது. அங்கே பைலட் அணைந்தால் வாயு வந்துகொண்டே இருக்கும். பார்க்கிற கண் நம்முடையதாகத்தான் இருக்க வேண்டும்.

சுடரைப் பார்த்துச் சரிசெய்வது

நல்ல பைலட் எப்படி இருக்கும்? நீலமாக இருக்கும். ஆடாமல் நிற்கும். அதன் நுனி பெரிய பர்னரின் துளையைத் தொடும். அவ்வளவு நீளம் போதும். அதற்கு மேல் எரிந்தால் வாயுதான் வீண்.

வாயு எரிவதற்குக் காற்று வேண்டும். நிறைய வேண்டும். ஒரு படி வாயு முழுமையாக எரிய ஏறக்குறைய 25 முதல் 30 படி காற்று தேவை. அதில் ஒரு பகுதி பர்னருக்குள் போகும் முன்பே வாயுவோடு கலக்கிறது. மீதி சுற்றிலும் இருந்து வருகிறது. முன்பே கலப்பதற்காகக் குழாயில் துளை விட்டிருப்பார்கள். பல பர்னர்களில் அந்தத் துளையைத் திறந்து மூட ஒரு வளையம் இருக்கும். ஆகவே நாம் சரிசெய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று வாயு, மற்றொன்று காற்று.

முதலில் வாயு. பைலட் குமிழை மெதுவாகத் திருப்பி, சுடர் பெரிய பர்னரின் துளையைத் தொடும்படி வையுங்கள்.

பிறகு காற்று. சுடரின் நிறத்தைப் பாருங்கள்.

சுடர் மஞ்சளாக, சோம்பலாக, ஆடிக்கொண்டே எரிகிறதா? காற்று போதவில்லை. வளையத்தைக் கொஞ்சம் திறக்க வேண்டும். எவ்வளவு? ஒரு நெல் அளவு. திருப்பிவிட்டுச் சற்று நேரம் பொறுத்துப் பாருங்கள். போதவில்லை என்றால் இன்னொரு நெல் அளவு.

சுடர் உஸ்ஸென்று சத்தம் போட்டுக்கொண்டு, துளையை விட்டு எகிறி நிற்கிறதா? காற்று அதிகம், அல்லது வாயு வேகம் அதிகம். வளையத்தை ஒரு நெல் அளவு மூடுங்கள். குமிழையும் சற்றுக் குறைத்துப் பாருங்கள்.

சுடர் நீலமாக இருந்தும் பொட்டு மாதிரி சிறுத்து இருக்கிறதா? வாயு போதவில்லை. துளை அடைத்திருக்கலாம். சிலிண்டர் தீரும் நேரமாகவும் இருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. சுடர் வெளியே தெரியாது. குழாய்க்குள்ளே குமுறும் சத்தம் மட்டும் கேட்கும். தீ பின்வாங்கி உள்ளே எரிகிறது என்று அர்த்தம். உடனே மூடுங்கள். குழாய் சூடாக இருக்கும், தொடாதீர்கள். நன்றாக ஆறிய பிறகு மறுபடி ஏற்றுங்கள். மறுபடியும் அப்படியே செய்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

வளையத்தைத் திருப்பும் முன் அடுப்பை அணைத்து ஆற விடுங்கள். சூடான இரும்பு பார்வைக்குச் சாதாரணமாகத்தான் இருக்கும். முதல் தடவை மெக்கானிக் செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். "இது எதுக்கு, அது எதுக்கு" என்று தயங்காமல் கேளுங்கள். பிறகு நீங்களே செய்யலாம்.

எல்லா மஞ்சளுக்கும் பயப்பட வேண்டியதில்லை. உப்புத் தூள் விழுந்தால் தீ மஞ்சளாகத் தெரியும். தூசு பறந்தால் பொறி தெரியும். ஒரு நொடியில் மறைந்துவிடும். விடாமல் மஞ்சளாக எரிந்தால்தான் கோளாறு. அப்போது அண்டா அடியில் கரி பிடிக்கும். கரி என்பது எரியாமல் போன எரிபொருள். நாம் கொடுத்த காசுதான் அண்டாவில் கறுப்பாக ஒட்டியிருக்கிறது. காற்று போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அறையில் உயிரையே வாங்கும். அதனால்தான் ஜன்னல் திறந்தே இருக்க வேண்டும் என்கிறோம்.

சரிசெய்த பிறகு சோதித்துப் பாருங்கள். பெரிய குமிழை மூன்று முறை திறந்து மூடுங்கள். மூன்று முறையும் உடனே, சத்தமில்லாமல் பற்ற வேண்டும். மேலே அண்டா வைத்தும் பாருங்கள். கதவைத் திறந்து காற்று அடிக்கும்போதும் பாருங்கள். கதவுக் காற்றில் பைலட் அணைந்தால் கதவை மூடாதீர்கள். அடுப்பை நகர்த்தி வைக்கச் சொல்லிக் கேளுங்கள். அல்லது அடுப்புப் பக்கத்தில் தகரத் தடுப்பு வைக்கலாம்.

லீவு முடிந்து திறக்கும்போது

பள்ளிக்கூடச் சமையல்காரர்களுக்கு இது முக்கியம். கோடை விடுமுறையில் அடுப்பு சும்மா கிடக்கும். காற்றுத் துளைக்குள் சிலந்தி வலை கட்டும். குளவி மண் வைத்துக் கூடு கட்டும். பார்வைக்குத் தெரியாது. பற்ற வைத்தால் தீ மஞ்சளாக எரியும். அல்லது பின்வாங்கிக் குமுறும்.

ஆகவே பள்ளி திறப்பதற்கு முதல் நாளே போய்ப் பாருங்கள். சிலிண்டர் மூடியிருக்கும்போது பர்னரின் மேல் மூடியை எடுத்துத் துலக்குங்கள். துளைகளைச் சின்னப் பிரஷ்ஷால் தேயுங்கள். காற்றுத் துளையையும் குழாயின் வாயையும் துடையுங்கள். ஈரம் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். வாயு வருகிற ஊசித் துளை ஒன்று இருக்கிறது. அதற்கு ஜெட் என்று பெயர். அது அடைத்தால் ஊக்கு, ஆணி, கம்பி எதையும் விட்டுக் குடையாதீர்கள். பித்தளை மென்மையானது. துளை ஒரு மயிரளவு பெரிதானாலும் வாயு அதிகம் வரும். பிறகு எவ்வளவு காற்று திறந்தாலும் மஞ்சள் போகாது. ஜெட், ரெகுலேட்டர், குழாய் இணைப்பு மூன்றும் மெக்கானிக் வேலை. துடைப்பதும், பார்ப்பதும், குமிழும் வளையமும் நம் வேலை.

வேலைக்கு நடுவே

சோறு வடித்தாயிற்று. சாம்பார் வைக்க இன்னும் காய் நறுக்கவில்லை. பைலட்டை எரிய விடுவதா, அணைப்பதா?

ஐந்து பத்து நிமிஷம் என்றால் எரியட்டும். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். அரை மணி நேரம் ஆகும் என்றால் அணைத்துவிடுங்கள். வாயுவும் மிச்சம், கவலையும் மிச்சம். கோயிலில் தூண்டாமணி விளக்கு இரவு பகல் எரியலாம். ஆளில்லாத சமையல் கூடத்தில் பைலட் எரியக் கூடாது.

கஞ்சி பொங்கி வழியும்போது பைலட்டைப் பாருங்கள். பால் பொங்கினாலும் பாருங்கள். பெரிய தீ எரிந்துகொண்டிருப்பதால் பைலட் அணைந்தது தெரியாது. அடுத்த பாத்திரத்துக்காகப் பெரிய தீயை நிறுத்துவீர்கள். பைலட்டில் சுடர் இருக்காது. வாயு மட்டும் வந்துகொண்டிருக்கும். அதனால் ஒவ்வொரு முறை பெரிய தீயை நிறுத்தும்போதும் கண் பைலட்டுக்குப் போக வேண்டும்.

சிலிண்டர் தீரப் போகும்போது சுடர் சிறுக்கும். அப்போது சிலர் சிலிண்டரைப் படுக்க வைக்கிறார்கள். சிலர் அடியில் வெந்நீர் ஊற்றுகிறார்கள். இரண்டும் ஆபத்து. படுக்க வைத்தால் திரவமே குழாயில் ஏறி வரும். சுடர் திடீரென்று ஆளுயரம் எழும். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்து நிற்க வேண்டும். அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும். சிலிண்டரைப் பள்ளத்தில் வைக்கக் கூடாது.

நாற்றம் வந்தால்

ஸ்விட்சைத் தொடாதீர்கள். போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி வரும். செல்போனை உள்ளே எடுக்காதீர்கள். எரிகிற அடுப்பும் விளக்கும் இருந்தால் அணையுங்கள். சிலிண்டரை மூடுங்கள். கதவு ஜன்னல்களைத் திறங்கள். எல்லோரையும் வெளியே அனுப்புங்கள். வெளியே தள்ளிப் போய் 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இது நாடு முழுவதற்கும் பொதுவான எரிவாயு அவசர உதவி எண். இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம். 1906, மனசில் எழுதிக்கொள்ளுங்கள்.

கசிவு எங்கே என்று தேடுவதற்குத் தீக்குச்சியைக் காட்டாதீர்கள். சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள். கசிகிற இடத்தில் குமிழி வரும்.

மூடும் வரிசை

வேலை முடிந்ததும் முதலில் சிலிண்டரை மூடுங்கள். குழாயில் மிச்சமிருக்கும் வாயு எரிந்து தீரட்டும். தீ தானாக அணையும். பிறகு பெரிய குமிழ், அதன் பிறகு பைலட் குமிழ் என்று இரண்டையும் மூடுங்கள். பைலட் குமிழ் சின்னது. மறந்து போவதும் அதுதான். அதைத் திறந்தபடி விட்டுவிட்டால், மறுநாள் சிலிண்டரைத் திறந்ததும் வாயு சத்தமில்லாமல் வெளியே வரும்.

எழுத்தையும் வாசியுங்கள்

நமக்கு இப்போது எழுத்தும் எண்ணும் தெரியும். அதைச் சமையல் கூடத்தில் பயன்படுத்த வேண்டாமா?

சிலிண்டரின் கழுத்துப் பக்கம் உள்பட்டையில் ஒரு ஆங்கில எழுத்தும் இரண்டு எண்களும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச். பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன். சி என்றால் ஜூலை முதல் செப்டம்பர். டி என்றால் அக்டோபர் முதல் டிசம்பர். எண் ஆண்டைக் குறிக்கும். சி-28 என்று இருந்தால், 2028 செப்டம்பருக்குள் அந்தச் சிலிண்டரைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். தேதி கடந்த சிலிண்டர் வந்தால் வேண்டாம் என்று திருப்பி அனுப்புங்கள். அது உங்கள் உரிமை.

எடையும் அச்சிட்டிருக்கும். வீட்டுச் சிலிண்டரில் வாயு 14.2 கிலோ. ஓட்டல் மாதிரி இடங்களுக்கு வரும் பெரிய சிலிண்டரில் 19 கிலோ. காலிச் சிலிண்டரின் எடையோடு இதைக் கூட்டினால் மொத்த எடை. தராசில் வைத்துப் பார்க்கச் சொல்லலாம். கூட்டல் கணக்கு நமக்குத் தெரியுமே!

2016 மே 1 அன்று உஜ்வலா திட்டம் தொடங்கியது. அதற்குப் பிறகு கோடிக்கணக்கான வீடுகளுக்கு முதல் முறையாக கேஸ் வந்தது. விறகுப் புகையில் கண் எரிந்த காலம் பல வீடுகளில் போயிற்று. அடுப்பு மாறிவிட்டது. நம் பழக்கமும் மாற வேண்டும். விறகு அடுப்பில் ஊதினால் தீ வரும். கேஸ் அடுப்பில் வரிசை தப்பினால் விபத்து வரும்.

இந்த வார வேலை

ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். பெரிய எழுத்தில் நீங்களே எழுதுங்கள்.

கதவைத் திற.
குமிழ்களைத் தொட்டுப் பார்.
சிலிண்டரைத் திற.
சின்னச் சுடரை ஏற்று.
இருபது எண்ணு.
பிறகு பெரிய தீ.
முடிந்ததும் சிலிண்டரை மூடு. இரண்டு குமிழையும் மூடு.

அடியில் 1906 என்று எழுதுங்கள். சமையல் கூடச் சுவரில், அடுப்புக்குத் தள்ளி, கண் படும் இடத்தில் ஒட்டுங்கள். உங்களோடு வேலை செய்பவருக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். அவரையும் இந்த மையத்துக்குக் கூட்டி வாருங்கள்.

ஒட்டுவதற்கு முன் அந்தத் தாளை அடுத்த வகுப்புக்கு எடுத்து வாருங்கள். எழுத்துப் பிழை இருந்தால் சேர்ந்து திருத்துவோம்.